எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர்

எங்கள் கம்பெனியில் யாரையும் பார்த்து, "என்ன, சுஷி சாப்பிடப் போறியா?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் சண்டை வரும். ஒருமுறை கேன்டீனில் அப்படிக் கேட்டவனின் சட்டையை இன்னொருவன் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்துச் சாம்பார் வாளியில் விழுந்தன. ஓசூரில் மற்றவர்களுக்கு அது ஒரு சாப்பாடு. எங்களுக்கு வேலை போவதற்கு அது இன்னொரு பெயர்.

அந்தப் பெயரை உண்டாக்கியவர் எங்கள் எச்.ஆர். சார். அவர் யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு "நாளையிலிருந்து வராதீங்க" என்று சொன்னதே கிடையாது. வெள்ளிக்கிழமை அவரே லைனுக்கு நடந்து வருவார். அந்த ஆளின் பக்கத்தில் நின்று, "நாளைக்கு மத்தியானம் என்கூடச் சாப்பிட வாங்க" என்பார். அவ்வளவுதான். சனிக்கிழமை அவருடைய காரிலேயே கூட்டிப் போய் அந்த ஜப்பான் ஓட்டலில் உட்கார வைத்து, முழுதாகச் சாப்பிட வைத்து, டீ வந்த பிறகுதான் ராஜினாமாக் கடிதம் வைத்த கவரை எடுப்பார்.

ஓட்டல் பெரிய இடமொன்றும் இல்லை. குடியிருப்புகளுக்கு நடுவே, டைல்ஸ் கடைக்கு மேல், முதல் மாடியில் எட்டு மேசை. வாசலில் நீலத் துணி ஒன்று பாதி உயரத்துக்குத் தொங்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தொழிற்சாலைகளுக்கு வந்து தங்கியிருந்த ஜப்பான் இன்ஜினியர்களுக்காகத் தொடங்கியது. சமைப்பவர் மணிப்பூர்க்காரர். கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஈரக் கையால் சோற்றைப் பிடித்து, மேலே பச்சை மீன் துண்டை வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். மேசைக்கு மேசை மூங்கில் தட்டி மறைப்பு.

"ஏன் சார் அங்க? இங்க எத்தனை பிரியாணிக் கடை இருக்குது?" என்று பின்னாளில் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"பிரியாணிக் கடையில நம்ம ஆளு நாலு பேரு உக்காந்திருப்பான்ம்மா. அழணும்னா எங்க போயி அழுவாக? இங்க நம்ம ஆளு ஒருத்தனும் வர மாட்டான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதோட அந்தக் குச்சியப் புடிக்க யாருக்கும் தெரியாது. மேனேஜரும் முழிப்பான், ஹெல்ப்பரும் முழிப்பான். அந்த நேரத்துக்கு எல்லாரும் ஒண்ணு" என்றார்.

அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். நான் சேர்ந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை, சாயம் போட்ட முடி, கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். ஷிப்ட் மாறும் நேரத்தில் கார்டு தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் ஒவ்வொரு வார்த்தை பேசுவார். நான் சேர்ந்த மூன்றாம் நாளே, "கல்லாவியில மழையா? உங்க அப்பா போர் போட்டாகளே, தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லாவி என்பது என் விண்ணப்பத்தில் இருந்தது, சரி. அப்பா போர் போட்டது எப்படித் தெரியும்? நான் கம்பெனி பஸ்ஸில் யாரிடமோ சொன்னதை டிரைவர் கேட்டு, டிரைவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மகள் பிளஸ் டூ, யார் தம்பி பெங்களூருக்கு ஓடிப்போனான், எல்லாம் மனதிலேயே இருந்தது. தன் வீட்டை இப்படி விசாரிக்க ஒரு ஆள் இருப்பது நிறையப் பேருக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்ன செய்வார் என்று ஒரு பயம் உள்ளே இருந்தது.

மாதேஷ் என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். நாட்றாம்பாளையத்து ஆள், காட்டோரம் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை சார் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். "நாளைக்குப் பெருமாளுக்கு விரதம் சார்" என்றார் மாதேஷ். "சரி, முடிச்சிட்டு வாங்க" என்று சார் போய்விட்டார். அடுத்த வாரம் கிருத்திகை. அதற்கடுத்து அமாவாசை. அப்புறம் மலைக்கு மாலை போட்டுவிட்டதாகச் சொல்லிக் கறுப்பு வேட்டியோடு வந்தார். ஒவ்வொரு முறையும் சார், "சரி, முடிச்சிட்டு வாங்க." விரதம் இருந்து இருந்தே ஒன்றரை மாதம் வேலையைக் காப்பாற்றிக்கொண்ட ஆள் என்று நாங்கள் சிரித்தோம். ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் மாதேஷ் கறுப்பு வேட்டியோடு பரோட்டாவும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே சுவரிலிருந்த கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வாசலில் எச்.ஆர். சார். சார் இவரைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சட்டென்று பின்வாங்கி, தூண் மறைவில் ஒதுங்கி, சத்தமில்லாமல் போய்விட்டார். இவர் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று அவர் ஒளிந்துகொண்டார்.

"என்னால அப்புறம் ஒரு வாய் எறங்கல" என்றார் மாதேஷ் எங்களிடம். மறுநாள் அவரே போய், "சார், விரதம் முடிஞ்சிருச்சு. எப்ப போலாம்?" என்று நின்றார்.

இதைக் கேட்டபோது எனக்குச் சார்மேல் மரியாதை வந்தது. ஆனால் ஸ்டோர்ஸில் இருந்தவர் சொன்ன கதை வேறு மாதிரி. தட்டின் ஓரத்தில் வைத்த பச்சை விழுதைக் கொத்தமல்லிச் சட்னி என்று நினைத்து அவர் மொத்தமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அது கடுகை அரைத்தது போல நேராக மூக்குக்கு ஏறும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் சார் கவரை எடுத்து வைத்தாராம். "நான் அந்தச் சட்னிக்கு அழுதேனா, அந்தக் கடுதாசிக்கு அழுதேனான்னு அந்த மேஜையில யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது" என்றார். "அது காரம்னு அவருக்குத் தெரியும். நான் எடுக்கறத பாத்துக்கினுதான் இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல."

சொல்லாமல் விட்டது, அந்த ஆள் மானம் போகாமல் அழட்டும் என்றா? எதிர்த்துப் பேச முடியாத நேரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றா? எங்கள் பஸ்ஸில் இதைப் பற்றிப் பல நாள் வாக்குவாதம் நடந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் என் லைனுக்கு வந்து, என் பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் என்கூடச் சாப்பிட வாங்கம்மா."

என் லைனில் முப்பது பெண்கள். வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைப் பலகையில் வரிசையாகப் பதித்து, கட்டி, டேப் சுற்றும் வேலை. முப்பது பேரின் கையும் ஒரே நேரத்தில் நின்றது. டேப் கிழிக்கும் சத்தம் நின்றுபோன அந்தக் கூடத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் லைன் இன்சார்ஜ் ஆகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கர்ப்பமாக இருந்தேன்; வீட்டைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் இவருக்குத் தெரிந்துவிட்டதோ, அதனால்தானோ என்று நினைத்தேன்.

என் கணவர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். அன்று முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "என்னா சொன்னாலும் கையெழுத்து மட்டும் போடாத. யோசிச்சு சொல்றேன்னு எந்திரிச்சு வந்துடு. சாப்பிடவும் சாப்பிடாத. சாப்பிட்டா மறுக்க முடியாது."

சனிக்கிழமை அந்த நீலத் துணிக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். பக்கத்து மேசையில் இரண்டு ஜப்பான்காரர்கள் சத்தமாக உறிஞ்சி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சார் எனக்கு வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டியதைக் கொண்டுவரச் சொன்னார். "பச்சை மீன் இப்ப உங்களுக்கு வேணாம்" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியும் என்று. குச்சியைப் பிடிக்க வரவில்லை. கையாலேயே எடுத்து வாயில் வைத்தேன். புளித்த சோறு, குளிர்ந்த வெள்ளரி. தட்டில் ஆறு துண்டு இருந்தது. இது முடியும்வரைதான் வேலை என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மென்று மென்று தின்றேன். அவரோ அவசரமே இல்லாமல் என் மாமியார் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. கவர் வரவில்லை.

"லைன்ல வேலை குறையுதும்மா. ஆறு பேரைக் கொறைக்கணும்னு மேல சொல்லிட்டாக. ஒங்க லைனு ஒங்களுக்குத்தான் தெரியும். ஆறு பேரு நீங்க எழுதிக் குடுங்க."

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை. என் வேலை போகவில்லை என்றதும் அந்தக் கசப்பு டீயை ஒரே மூச்சில் குடித்தேன். அவர் சொன்னது என்ன என்பது அப்புறம்தான் உறைத்தது.

திங்கட்கிழமை ஆறு பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை அந்த ஓட்டலுக்கே மறுபடி கூட்டிப் போனார். தாளை மேசைமேல் விரித்து, மேலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்தார்.

"ரத்னம்மா. மொதப் பேரா எழுதியிருக்கீக. ஏன்?"

"லீவு ஜாஸ்தி சார். ஒரு வியாழக்கிழமை விடாம போட்டுடறாங்க."

"வியாழக்கிழமை ஏன்னு கேட்டீகளா?"

நான் கேட்டதில்லை. அவர் சொன்னார். ரத்னம்மா அக்காவுக்குப் பாகலூர்ப் பக்கம் வீடு. மாமியாருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. கதவு திறந்திருந்தால் தான் பிறந்த ஊருக்கு என்று கர்நாடகப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடும் அந்தக் கிழவி. மற்ற நாட்களில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வார். வியாழக்கிழமை அந்த அம்மா சந்தைக்குப் போய்விடுவார்.

"லீவு மட்டும்தான் காரணமா?"

"ஆமா சார்."

அவர் ஒரு மீன் துண்டை எடுத்து வாயில் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மென்றார்.

அது மட்டும் காரணமில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பிளான்ட் ஹெட் சுற்றி வந்தபோது, பலகையில் நான் சரிபார்த்து விட்டிருந்த ஒரு வயரின் நிறம் மாறியிருந்ததை ரத்னம்மா அக்கா எல்லார் முன்னாலும் காட்டினார். "மேடம், இது நீலம் வர்ற எடம், நீங்க பச்சைய விட்டுட்டீங்க" என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நீலமும் பச்சையும்தான் தெரிந்தன. பேனாவை எடுத்ததும் முதலில் வந்தது அவர் பெயர்தான்.

"மாத்தணும்னா இப்ப மாத்திரலாம். சாயங்காலம் மெயில் போயிரும்" என்றார் சார். பேனாவைத் தாளின்மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

பேனா இருவருக்கும் நடுவே கிடந்தது. மாற்றினால் ஏன் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டது போல ஆகும். நான் பேனாவை எடுக்கவில்லை. "சரியாத்தான் சார் இருக்குது" என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மேல இருக்கவக ஒண்ணு சொல்றாகம்மா. சாப்பாடெல்லாம் எதுக்கு, கார்டை நிறுத்திட்டா கேட்ல வந்து தெரிஞ்சிக்கிட்டுப் போயிருவாகன்னு. நான் முடியாதுன்னுட்டேன். பேரு எழுதுனா எதுக்க உக்காந்து சாப்பிடணும். இந்தத் தடவை நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு சார்?"

"வரணும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஆறு பேரில் முதல் ஆளாக ரத்னம்மா அக்கா பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தார். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியுமே. "கல்யாணத்துக்குக் கட்டினது மேடம். போறதுன்னா நல்லா போலாம்னு" என்றார். குனிந்து உள்ளே வரும்போது அந்த நீலத் துணியில் பூ சிக்கியது. நான் எடுத்துவிட்டேன்.

அவர் நன்றாகச் சாப்பிட்டார். மீனை முகர்ந்து, "அய்யோ தேவ்ரே, உப்புகூட போடலியே, இத எப்படித் தின்றாங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு துண்டைத் தின்று பார்த்து, "பரவாயில்ல" என்று இன்னொன்றும் எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மணிப்பூர்க்காரரைப் பார்த்துச் சிரித்தார். நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார் அவருடைய மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், டீ வருவதற்குள் கேட்டுவிட்டார்.

"சார், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எம் பேரை எழுதினது யாரு?"

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என் வாய் திறந்தது என்றுதான் நினைக்கிறேன். என்ன சொல்ல வந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"நான்தான்ம்மா" என்றார் சார்.

"மேடம்கிட்ட கேக்கலியா?"

"கேட்டேன். அவுக வேணாம்னுதான் சொன்னாக. ரத்னம்மா வேணும், நல்லா வேலை செய்றவகன்னு சொன்னாக. நான்தான் கேக்கல."

ரத்னம்மா அக்கா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டேப் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்கள். அதுவரை கலங்காத கண் அப்போதுதான் கலங்கியது. "நீ நல்லா இருப்ப கண்ணு" என்றார். பெரியவர்கள் மாதிரி என் தலையைத் தொட்டார். என்னை அவர் 'மேடம்' இல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு சார் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"சோத்தைப் போட்டுக் கழுத்தை அறுக்கறியே. உனுக்கும் பொண்ணு புள்ளைங்க இருக்குதில்ல? இந்தக் கை எப்படி நீட்டி நீட்டி எனக்குச் சோறு வெச்சுது? நீ உருப்பட மாட்ட."

சார் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அக்கா சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்னம்மா அக்கா கையெழுத்தைப் போட்டார். காரில் வர மறுத்துவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி, பாகலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

ரிங் ரோடு சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நான் ரெண்டு வருசத்துல ஊருக்குக் கெளம்பிருவேன். நீங்க இங்கயே இருக்கப் போறவுக. பஸ்ல பாப்பீக, ஆஸ்பத்திரியில பாப்பீக. அவுக கோவத்தை நான் கொண்டு போயிருதேன்."

எனக்கு அழுகை வந்தது. "எனக்காக..." என்று ஆரம்பித்தேன்.

"ஒங்களுக்காக இல்லம்மா" என்று வெட்டினார். "மிச்சம் இருபத்து நாலு பேரு லைன்ல இருக்காக. நாளைக்கு அவுக ஒங்க மொகத்தப் பாத்து வேலை செய்யணும்ல. எழுதுனது நீங்கன்னு தெரிஞ்சா உற்பத்தி விழுந்துரும்."

சிக்னல் மாறியது. அவர் வண்டியை எடுத்தார். அந்த இரண்டில் எது உண்மை என்று நான் இன்றும் யோசிக்கிறேன். இரண்டும் உண்மையாக இருக்கும் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

லைனில் அடுத்த வாரம் எல்லாரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள். ரத்னம்மாவுக்காகப் பேசின மேடம் என்று செய்தி பரவிவிட்டது. வளைகாப்புக்கு அந்த இருபத்து நாலு பேரும் வந்து வளையல் போட்டார்கள். உற்பத்தியும் விழவில்லை. சார் வழக்கம்போல கார்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். முன்பு போல அவரிடம் யாரும் நின்று பேசவில்லை. என்னிடமும் அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. சொன்ன மாதிரியே இரண்டு வருடத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போனார். வழியனுப்பக் கேன்டீனில் கேக் வெட்டினார்கள். நாங்கள் சிலர்தான் நின்றிருந்தோம்.

ரத்னம்மா அக்காவை அதற்குப் பிறகு நிறையப் பார்த்தேன். வீட்டையொட்டிய நிலத்தில் காய் போட்டு, காலையில் உழவர் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றார். என்னைப் பார்த்ததும் கூட்டத்துக்கு மேலே, "கண்ணு, வா வா" என்று கையாட்டுவார். என் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். எனக்கென்று தனியாகப் பொறுக்கி எடுத்த பீன்ஸைத் தருவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு இடத்தில் சாரிடம் வந்துவிடும்.

"அந்த ஆளு எங்க இருக்கான் கண்ணு?"

"ஊருக்குப் போயிட்டாரு அக்கா."

"நல்லா இருக்க மாட்டான்."

நான் தலையாட்டுவேன். வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வருடம் தலையாட்டினேன். சந்தைக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். வேறு வாசலில் நுழைந்து பார்த்தேன். அங்கேயும் யாராவது, "ரத்னம்மா உன்னைத் தேடுச்சே" என்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் என் பிள்ளைக்கு ஒரு வெள்ளரிப் பிஞ்சை ஒடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "அவனுக்குச் சோறு எறங்காது கண்ணு, நான் விட்ட சாபம்..."

"அக்கா, உங்க பேரை எழுதினது நான்."

அவர் கை தராசின் மேல் நின்றது.

"சார் இல்ல. நான்தான் எழுதினேன். மாத்தறீங்களான்னு கேட்டாரு. நான் மாத்தல." அந்த நீல வயரையும் சொன்னேன். நடுவில் ஒரு ஆள் வந்து கத்திரிக்காய் விலை கேட்டார். அக்கா விலையைச் சொன்னார். அவர் போனதும் மிச்சத்தைச் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எடைக்கற்களை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, "நம்பர் இருக்குதா?" என்றார்.

"யாரு நம்பர் அக்கா?"

"அவரு நம்பரு."

என் போனில் இன்னும் அந்த எண் இருந்தது. அவரே தன் போனில் போட்டார். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். ரத்னம்மா அக்கா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்குக் கேட்டதெல்லாம் இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான்.

"சார்... நான் ரத்னம்மா. ஓசூர். பாகலூர் ரத்னம்மா... ஆமா சார்... ம்... நல்லா இருக்கறேன் சார்... காய் போடறேன். ஆமா, சொந்த நெலம்தான்... தண்ணி இருக்குது சார், இந்த வருசம் மழை வந்துச்சு... நீங்க?... எப்ப?... அய்யோ... யாரு பாத்துக்கறாங்க?... ம்... ம்... நேரத்துக்குச் சாப்பிடுங்க சார்."

அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயர் எழுதியதைப் பற்றியும் இல்லை. போனை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். சாருக்கு என்ன, எப்போது என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

பிள்ளை வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பையோடு காத்து நின்றார்கள். ரத்னம்மா அக்கா தராசைச் சரிசெய்தார். என் முகத்துக்குப் பதிலாக என் பையைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னா போடட்டும் மேடம்?" என்றார்.